மணலை விட்டு அகலாத பழுப்புப் படலம்: என் அனுபவம்

ஒருவழியாகத் தொட்டி தெளிந்துவிட்டது, நிம்மதி.

கடல்நீர்த் தொட்டியின் மணலில் பழுப்புப் படலம். பகலில் நூல் நூலாக எழுந்து நுனியில் காற்றுக்குமிழ்களுடன் நிற்கும், இரவில் பெரும்பகுதி மறையும், விளக்கு எரிந்ததும் திரும்பும். டயாட்டம் என்ற சாதாரணப் பழுப்பு நுண்பாசி என்று நினைத்து உறிஞ்சி எடுத்தேன், நீரை மாற்றினேன், பாஸ்பேட் நீக்கியைக் கூட்டினேன். இன்னும் அடர்ந்தது, நத்தைகளும் இறந்தன.

சோதித்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம். சத்தில்லாத நீரில் எது செழிக்கும்? படலத்தைத் தொட்டி நீருடன் புட்டியில் குலுக்கி, காபி வடிதாளில் வடித்தேன். வடித்த நீரை விளக்கடியில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் இழைகளாகக் கூடியது! டயாட்டம் அப்படிச் சேராது, இது டைனோஃபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற, நீந்தும் ஒருசெல் நுண்ணுயிர்.

பாஸ்பேட் நீக்கியை எடுத்தேன், நீர்மாற்றத்தை நிறுத்தினேன். போட்டிப் பாசிகளுக்குச் சத்து கிடைக்கட்டும் என்று நைட்ரேட்டை லிட்டருக்கு 5 மில்லிகிராம், பாஸ்பேட்டை 0.1 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தினேன். பாஸ்பேட்டைத் தினமும் அளப்பது முக்கியம், பாறைகள் முதலில் அதை உறிஞ்சிக்கொள்ளும். இரவில் நீரில் மிதக்கும் வகை என்பதால் புறஊதா வடிகட்டியும் கைகொடுத்தது. மணலிலேயே தங்கும் வகைகளிடம் அது பலிக்காது.

கண்ணாடியில் பச்சைப் பாசி தலைகாட்டியபோது பழுப்பு விலகியது. அந்தப் பச்சையை உடனே சுரண்டாதீர்கள். டைனோவோடு போட்டியிட அது வேண்டும்.