தேய்ந்த செருப்பை எப்போது கைவிடுவது: என் அனுபவம்

ஆம்பூரில் வாங்கிய தோல் செருப்பை ஏழு ஆண்டுகள் அணிந்தேன். வார் இருமுறை அறுந்தபோதும், சோல் ஒருமுறை தேய்ந்தபோதும், தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொண்டேன். வாரும் சோலும் மாற்றத்தக்கவை என்பதால், அவை பழுதடைந்ததற்காகச் செருப்பை எறிய வேண்டியதில்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

குதிகால் வலி தொடங்கிய பிறகுதான், செருப்பைச் சமதரையில் வைத்துப் பின்புறமிருந்து பார்த்தேன். வலது குதிப்பகுதி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதையும் சரிசெய்யலாம் என்று எடுத்துச் சென்றபோது, தைப்பவர் மேல்தோலை மடக்கிக் காட்டி, “சோல் மாத்திடலாம் சார், ஆனா இந்தத் தோல் தையல் தாங்காது, ஊசி போற இடமெல்லாம் கிழியும்” என்றார். வியர்வையின் உப்பும் மழையின் ஈரமும் பல ஆண்டுகள் மாறி மாறி ஏறியதில் எண்ணெய்ப்பசை வற்றி, மடிப்புகளில் தோல் வெடித்திருந்தது. அன்றே அதைக் கைவிட்டேன், வருத்தமாகத்தான் இருந்தது.

பாலியூரித்தேன் என்னும் ஒருவகை நெகிழியாலான சோல் கொண்ட காலணிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அணியாமல் பெட்டியில் பத்திரப்படுத்தினாலும், காற்றின் ஈரப்பதத்தாலேயே அந்தச் சோல் நாளடைவில் சிதைந்து உதிரும்.

இப்போது இரண்டு சோடிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் அணிந்து, ஈரம் முழுவதும் நிழலில் உலர விடுகிறேன். மாதம் ஒருமுறை சமதரையில் வைத்துப் பார்க்கிறேன். குதிகால் வலி மூன்று வாரங்களில் குறைந்தது.