கருவிலுள்ள குழந்தையின் நுரையீரலில் ஏதோ தெரிகிறது என்றால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே ஊரில் போல அடிக்கடி ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். வழக்கமாக இரண்டுதான்: 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 20ஆம் வாரத்தையொட்டி இன்னொன்று. நுரையீரலின் பிறவிக் கோளாறு பெரும்பாலும் இரண்டாவதில்தான் தெரியவரும்.

நுரையீரலின் ஒரு பகுதி நீர்க்கட்டிகளோடோ அளவுக்கு மீறி வெள்ளையாகவோ தெரிந்தால் ‘சிபாம்’ (CPAM, நுரையீரலின் ஒரு பகுதி சரியாக உருவாகாமல் கட்டியாக நிற்பது) என்று சந்தேகிப்பார்கள். அந்தப் பகுதிக்கு மகாதமனியிலிருந்தே தனி ரத்தக்குழாய் போவது கலர் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் ஸ்கேன்) தெரிந்தால், அது ‘சீக்வெஸ்ட்ரேஷன்’, அதாவது மற்ற நுரையீரலோடு சேராமல் தனித்து நிற்கும் பகுதி. இரண்டும் சேர்ந்தும் வரும். தாய் சாப்பிட்டதாலோ, விமானம் ஏறியதாலோ, கிரகணத்தன்று வெளியே போனதாலோ இது வருவதில்லை. ஊரிலிருந்து போனில் யார் என்ன சொன்னாலும் அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்றாதீர்கள்.

சில நாட்களுக்குள் கருநல நிபுணரிடம் அனுப்புவார்கள். கட்டியின் கன அளவைக் குழந்தையின் தலைச்சுற்றளவால் வகுத்து ‘சிவிஆர்’ என்று ஓர் எண் சொல்வார்கள். அது 1.6ஐத் தாண்டினால் குழந்தையின் உடலில் நீர் கோக்கும் ஆபத்து கூடுதல், அடிக்கடி பார்ப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அவ்வளவு போவதில்லை. 28ஆம் வாரம் வரை வளரும் கட்டி, பிறகு சுருங்குவதுண்டு. கடைசி ஸ்கேனில் கண்ணுக்கே படாமலும் போகலாம்.

நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். கட்டி தெரியவில்லை, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எக்ஸ்ரேயும் சுத்தம் என்பதால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் தெரியாதது சிடி ஸ்கேனில் தெரியும். பிறந்த சில மாதங்களில் அதை எடுப்பார்கள். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பல இடங்களில் எடுத்துவிடுகிறார்கள். மயக்க மருந்து தேவைப்படாமலே போகலாம். கதிர்வீச்சும் குழந்தைக்கு ஏற்ற குறைந்த அளவுதான். தொந்தரவே இல்லாத கட்டியை அறுவை செய்து எடுப்பதா, கண்காணிப்பதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு பக்கத்தையும் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் மருத்துவமனையே இலவசமாக ஏற்பாடு செய்யும். கணவரோ மச்சாளோ இருந்தாலும் கேளுங்கள். கெட்ட செய்தியைச் சொந்தக்காரர்கள் மென்று விழுங்கிவிடுவார்கள்.

வந்த புதிதில் அடிக்கடி வீடு மாறுவோம். மாறியதும் ஜிபிக்கும் (குடும்ப மருத்துவர்) மருத்துவமனைக்கும் தனித்தனியாகப் புதிய முகவரியைக் கொடுங்கள். சிடி ஸ்கேனுக்கான கடிதம் பழைய வீட்டுக்குப் போனால் தேதி தவறிவிடும். ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கைக்கும் ஒரு நகல் வாங்கி, குழந்தையின் உடல்நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.