ஹெல்மெட்டைக் கழற்றும் காலம்: கொழிஞ்சாம்பாறைப் பாட்டி ஒருத்தியின் குறிப்புகள்

குழந்தையின் தலை வடிவத்தைச் சரிசெய்யப் போடுகிற ஹெல்மெட்டைக் கழற்றும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்காதீர்கள். முதல் பிறந்தநாள் போட்டோவுக்காகவும் குறிக்காதீர்கள். அந்த நாளைச் சொல்ல வேண்டியது அளவு நாடாவும் ஸ்கேனும்தான்.

என் பேரனுக்கு உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் மண்டையோட்டு இணைப்பு, பிறக்கும் முன்பே மூடிவிட்டது. தலை பக்கவாட்டில் விரிய வழியில்லாமல் நீளவாக்கில் வளர்ந்தது. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, கொச்சியில் எண்டோஸ்கோப் (சிறு கீறல் வழியே நுழைக்கும் கேமராக் குழாய்) வழியாக, மூடிப்போன அந்த இணைப்பு இருந்த எலும்புப் பட்டையை எடுத்தார்கள். அதன் பிறகு ஹெல்மெட், நாளுக்கு 23 மணி நேரம். மகளும் மருமகனும் கஞ்சிக்கோட்டில் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்கக் குழந்தை என்னிடம்தான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “பாவம், தலையை நெரிக்காதா?” என்பார்கள். நெரிக்காது. முன்னும் பின்னும் ஒட்டி நிற்கும், பக்கங்களில் இடம் விட்டிருக்கும். வளரும் தலை இடம் இருக்கும் பக்கமாகப் போகும், அவ்வளவுதான். முதல் வருடத்தில் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 12 செ.மீ. கூடுகிறது. ஒரு வயதை நெருங்கும்போது அந்த வேகம் குறைந்துவிடும். பெரும்பாலும் அந்த வயதையொட்டி நிறுத்துவது இதனால்தான். ஆனால் குறைகிறதே தவிர நிற்பதில்லை. கடைசி மாதத்தில் கல்யாணம், காதுகுத்து என்று அரைநாள் கழற்றி வைக்கிற வீடுகள் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை.

ஒவ்வொரு முறை போகும்போதும் அகலம், நீளம், சுற்றளவு மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். டாக்டர் மலையாளத்தில் மளமளவென்று சொல்வார், நாமும் தலையாட்டுவோம். பஸ் பாலக்காடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துபோகும். அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 13 செ.மீ. அகலம், 17 செ.மீ. நீளம் என்றால் 76 வரும். சுமார் 75க்குக் கீழே இருந்தால் நீளத் தலை என்பது பொதுவான கணக்கு. இந்த எண் மாறாமல் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு எப்போது கழற்றினார்கள் என்பது நமக்கு உதவாது.

எங்கள் ஊர்ப் பங்குனி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வியர்வை கொட்டும். குளிக்க வைக்கும் நேரத்தில் உள்பக்கத்தை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, வாடை போகும்வரை மின்விசிறிக் காற்றில் உலர விடுவேன். வெயிலில் காய வைக்கக் கூடாது, சூட்டில் வடிவம் கெடும். கழற்றியதும் தலையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், குறிப்பாகக் காதுக்கு மேலேயும் நெற்றி ஓரத்திலும். சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால் ஹெல்மெட் செய்து தந்தவருக்குப் போன் செய்யுங்கள். உள்ளே கொஞ்சம் தேய்த்து இடம் பண்ணித் தருவார். பஞ்சை நீங்களே திணிக்க வேண்டாம்.

எண்ணெய்தான் பெரிய பஞ்சாயத்து. இந்தப் பக்கத்தில் குளித்த தலையில் ராஸ்னாதிப் பொடி என்கிற ஆயுர்வேத மூலிகைப் பொடியைத் தேய்க்காவிட்டால் குழந்தைக்குச் சளி பிடித்துவிடும் என்பார்கள். ஹெல்மெட் இருக்கும்வரை எண்ணெயும் வேண்டாம், பொடியும் வேண்டாம். இரண்டும் வியர்வையோடு குழைந்து தோலைப் புண்ணாக்கும். குளிப்பாட்டும்போது தலையைப் பிடித்து உருட்டி வடிவம் வைக்கும் பாட்டிமார்கள் கையைக் கட்டிக்கொள்ளட்டும். ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும்தான்.

சில டாக்டர்கள் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வார்கள். சிலர் கொஞ்ச காலம் இரவில் மட்டும் போடச் சொல்வார்கள். உங்களுக்குச் சொன்னதைச் செய்யுங்கள். எங்கள் பேரன் முதல் சில இரவுகள் தலையைத் தலையணை உறையில் தேய்த்துத் தேய்த்துச் சிணுங்கினான். பழகிய கனம் இல்லையல்லவா. நடை பழகும் வயதில் கழற்றுகிறோம், இதுவரை சுவரில் முட்டினால் ‘டொக்’ என்று சத்தம் மட்டும்தான் வந்தது; இனி நேரடியாக மண்டை. கட்டில் முனை, அம்மிக்கல், திண்ணைப்படி மூன்றையும் முதலில் கவனியுங்கள். வெளியே போனால் பருத்தித் தொப்பி போடுங்கள். வெயில் படாத தலைத்தோல் சட்டென்று கன்றிவிடும்.

சம்பந்தியம்மாள் உடுமலைப்பேட்டைக்காரர். பழனியில் மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தார். அறுவைத் தழும்பு மேடாக இருக்கும்போது கத்தி பட்டால் கீறிவிடும் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அறுவை செய்த டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு போகலாம் என்று முடிவானது. முருகனுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

ஹெல்மெட் போனாலும் டாக்டரிடம் போவது நிற்கக் கூடாது. தலைச் சுற்றளவு ஒழுங்காகக் கூடுகிறதா, மூளைக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்று சில வருடங்கள் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ணின் உள்பக்கத்தையும் சோதிப்பார்கள். கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். அடிக்கடி வாந்தி, காரணமில்லாத எரிச்சல், எழுப்பினாலும் எழாத தூக்கம், அழாமல் இருக்கும்போதும் புடைத்து நிற்கும் உச்சிக்குழி: இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே கிளம்புங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு பெண், எங்கள் பழைய ஹெல்மெட்டைத் தன் குழந்தைக்குக் கேட்டு வந்தாள். கொடுக்கவில்லை. அது ஒரு தலைக்கென்று அளவெடுத்துச் செய்தது. அந்தத் தலைக்கே சில மாதத்தில் பொருந்தாமல் போய்விடும். தவிர, அவள் குழந்தைக்குப் பின்னந்தலை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. ஒரே பக்கமாகப் படுத்தால் வருகிற தட்டை வேறு, இணைப்பு மூடி வருகிற கோணல் வேறு. முதலாவதற்கு அறுவை தேவையில்லை. எது என்று என் கண்ணுக்குத் தெரியாது, ஒரு குழந்தை டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். தாமதம் வேண்டாம், மூன்று மாதத்தில் செய்கிற சிறிய அறுவையை ஒரு வயதில் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.