ஏலியன் படச் சண்டைகளைத் தீர்ப்பது எப்படி

ஏலியன் என்ற விண்வெளி ஜந்துவின் படங்களைப் பற்றி ரசிகர் ஒருவர் சண்டைக்கு வந்தால், முதலில் எந்தப் பதிப்பைப் பார்த்தார் என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடியும். மூன்றாம் படத்தின் (1992) திரையரங்கப் பதிப்பில் ஜந்து நாயிலிருந்து பிறக்கிறது. 2003இல் வந்த நீளமான மாற்றுப் பதிப்பான அசெம்பிளி கட்டில் எருதிலிருந்து. இரண்டுமே சரி.

அடுத்து, அதே படத்தில் ஜந்து ஓடும் காட்சிகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். சுற்றிலும் பச்சை விளிம்பு தெரிந்தால் கிராபிக்ஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். அது கம்பிகளால் ஆட்டிய பொம்மை. தனியாகப் படமெடுத்துப் பின்னணியோடு ஒட்டியபோது நிறமும் வெளிச்சமும் ஒட்டவில்லை, அவ்வளவுதான். உண்மையான கிராபிக்ஸ் வேண்டுமானால், கடைசியில் தலை விரிசல் விடும் இடத்தைப் பாருங்கள்.

தலை விஷயம் வேறு. 1979இல் வந்த முதல் படத்தின் ஜந்துவுக்கு மண்டை மேல் வழவழப்பான, ஒளி ஊடுருவும் மூடி; 1986இல் வந்த இரண்டாம் படத்தில் மூடி போய், வரிவரியான மேடுகள். வயது கூடியதால் மாறியது என்று ரசிகர்கள் கதைக்குள் காரணம் தேடுவார்கள். தேவையில்லை. மூடிக்கு அடியில் இருந்த வடிவம் இரண்டாம் படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்குப் பிடித்துப்போனது.

முட்டைதான் நிஜமான சிக்கல். முதல் படத்தில் மனிதன் முட்டையாக மாறும் காட்சி 1979இல் வெட்டப்பட்டு, அதன் 2003 பதிப்பில் திரும்பியது. இடையில், 1986 படத்தில், ஜந்துக்களின் ராணி வந்து முட்டையிட்டுவிட்டாள். இரண்டையும் சேர்த்து வாதிட்டால் கதை இடிக்கும். திரையரங்கப் பதிப்புகளை மட்டும் வைத்தால் இடிக்காது.