வீட்டருகே நடந்தபடி கோடைக்கால உயிரினங்களைக் கவனிப்பது எப்படி?

படி 1: ஒரே பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள்

அரை மணி நேரத்தில் சுற்றி வரக்கூடிய ஒரு பாதையை முடிவு செய்துகொண்டு, கோடை முழுவதும் அதிலேயே நடக்க வேண்டும். நாளுக்கொரு புதிய இடம் தேடிச் சென்றால் பார்த்தவற்றின் பட்டியல் நீளுமே தவிர, சென்ற வாரம் இருந்தது இந்த வாரம் எப்படி மாறியிருக்கிறது என்பது பிடிபடாது. பாதையோரம் சிறிது நீரும், ஒரு முதிர்ந்த மரமும், வெட்டாமல் விட்ட புல்லும் இருந்தால் நல்லது.

படி 2: நேரத்தை மாற்றி நடங்கள்

பறவைகளுக்கு விடியற்காலையே ஏற்றது. வெயில் ஏறியபின் அவை பெரும்பாலும் நிழலில் அடங்கிவிடும். வண்ணத்துப்பூச்சிகளுக்கோ உடல் சூடானால்தான் பறக்க முடியும் என்பதால், விடியலில் மட்டும் நடப்பவர் அவற்றை அதிகம் காணமாட்டார். வெளவால்களைப் பார்க்க அந்தி நேரத்தில் செல்லுங்கள்.

படி 3: நடப்பதைவிட நில்லுங்கள்

பாதையில் மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நம் வருகையால் ஒளிந்தவை மெல்ல வெளியே வருவதற்கு அந்த அவகாசம் தேவை.

படி 4: வெயிலை எப்படிச் சமாளிக்கின்றன என்று பாருங்கள்

பெயர் தெரியாவிட்டாலும் தொடங்கக்கூடிய வேலை இது என்பதால், புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதையே. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆகவே வெப்பத்தில் அலகைத் திறந்து மூச்சிரைத்து உடலைக் குளிர்வித்துக்கொள்கின்றன. சில தட்டான்கள் உச்சிவெயிலில் வாலை நேராகச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்பது, உடலில் வெயில் படும் பரப்பைக் குறைப்பதற்காகவே. அமரும்போது சிறகுகளை விரித்து வைத்தால் அது பெரும்பாலும் தட்டான். முதுகின் மேல் சேர்த்து வைத்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். ஈரமண்ணில் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சும் வண்ணத்துப்பூச்சிகள் உப்புச் சத்துகளைத் தேடி வந்தவை, பெரும்பாலும் ஆண்கள். சில்வண்டுகளிலும் உரக்க ஒலி எழுப்புவது ஆண்களே. அவற்றின் இளம்பருவம் மண்ணுக்குள் கழிவதால், அவை உரித்துவிட்டு மரத்தண்டில் ஒட்டியிருக்கும் வெற்றுத்தோல் ஒன்று கிடைத்தால் அதன் அடியில் தரையையும் பாருங்கள். அந்தப் பூச்சி மேலேறி வந்த சிறு துளை தென்படலாம்.

படி 5: அன்றே எழுதிவையுங்கள்

தேதி, நேரம், வானிலை, இடம், அந்த உயிர் என்ன செய்தது என்ற ஐந்தும் போதும். பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம்: ஒளிப்படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றினால் பிறர் அடையாளம் காண உதவுவார்கள், பறவைப் பதிவுகளுக்கு ஈபேர்ட் இருக்கிறது. பைனாகுலர் உடனடியாகத் தேவையில்லை. வாங்குவதானால் 8×42 அளவு தொடக்கத்துக்குப் பொருத்தமானது. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ.

இறகு முளைத்த பறவைக்குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் எடுத்துச் செல்ல வேண்டாம். பெற்றோர் அருகிலேயே இருந்து இரையூட்டுவதுதான் வழக்கம். நாம் நிற்கும்வரை அவை நெருங்கத் தயங்கும் என்பதால், தொலைவுக்கு விலகிச் சென்று கவனியுங்கள்.