உபுண்டுவில் பாட்டும் படமும் தடையின்றி ஓட

உபுண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியதும் சில காணொளிகள் ஓட மறுத்தால், உரிமக் கட்டுப்பாடுள்ள கோடெக்குகள் (ஒலி, காணொளிக் கோப்புகளை இயக்க உதவும் மென்பொருள்கள்) இன்னும் நிறுவப்படாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' சாளரத்தின் முதல் தாவலில் யுனிவர்ஸ், மல்டிவர்ஸ் ஆகிய இரண்டு களஞ்சியங்களுக்கும் (மென்பொருள் தொகுப்புகள் கிடைக்கும் இணையச் சேமிப்பிடங்கள்) குறியிட்டு, மூடும்போது தோன்றும் 'ரீலோடு' பொத்தானைத் தவறாமல் அழுத்துங்கள். இல்லையெனில் தொகுப்புப் பட்டியல் பழையதாகவே இருக்கும். பிறகு, கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல் சாளரத்தில் 'உபுண்டு-ரெஸ்ட்ரிக்டெட்-எக்ஸ்ட்ராஸ்' தொகுப்பை, பெயரிலுள்ள இடைக்கோடுகளை விடாமல் ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு நிறுவுங்கள். இடையில், இதனுடன் சேர்ந்து வரும் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களின் உரிம ஒப்பந்தம் திரையை நிறைக்கும். அங்கே மவுஸ் பெரும்பாலும் உதவாது என்பதால் திகைத்துப்போய்ச் சாளரத்தையே மூடிவிடாதீர்கள், பாதியில் நின்ற நிறுவலைச் சரிசெய்வது கூடுதல் வேலை. டேப் விசையால் 'ஓகே'க்கு நகர்ந்து என்டரை அழுத்தி, அடுத்து வரும் ஒப்புதல் கேள்விக்கு 'யெஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிறுவல் தொடரும். பாட்டையும் படத்தையும் இயக்கும் விஎல்சி பிளேயரும் யுனிவர்ஸ் களஞ்சியத்திலேயே இருப்பதால், அதற்காக வெளிக் களஞ்சியம் எதையும் சேர்க்கத் தேவையில்லை.