துடுப்புப் பலகையைப் பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவளத்திலும் முட்டுக்காட்டிலும் ராமேசுவரத்தை ஒட்டிய பிரப்பன்வலசையிலும் நின்றபடியே துடுப்பு வலித்துச் செல்லும் பேடில் போர்டுகளை இன்று காண முடிகிறது. அத்தகைய பலகையில் வெடிப்பு விழுந்தால், கரையிலேயே ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அவருடைய கைத்திறனில் குறையில்லை; பொருள்தான் வேறு. படகுக்கு அவர் வழக்கமாகப் பூசும் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பான், காற்றடைக்காத கெட்டிப் பலகைகளின் உள்ளே இருக்கும் தெர்மாகோலைக் கரைத்துவிடுவதால், விரல் நுழையும் ஓட்டை பெருங்குழியாகிவிடும். தெர்மாகோல் பலகைக்கு எபாக்சி ரெசினையே பயன்படுத்த வேண்டும். படகுக்கு இடும் ஃபைபர் மேட்டையும் (நெய்யாமல் பசையால் பிணைத்த கண்ணாடியிழை விரிப்பு) தவிர்த்து, நெய்த கண்ணாடியிழைத் துணியை வாங்குவது நல்லது. மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே சேர்க்கப்பட்டது, எபாக்சியில் அது சரியாக இளகுவதில்லை.

ரெசினைச் சரியாகத் தேர்ந்தவர்கள்கூட அவசரத்தால் பலகையைக் கெடுத்துவிடுகிறார்கள். தெர்மாகோல் மணிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் மெல்ல ஊர்ந்து சென்று தங்கும். மேற்பரப்பைத் துடைத்து, காய்ந்துவிட்டதாக நம்பி, அன்றே ஒட்டினால், அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டு, நாளடைவில் மேல்தோல் உப்பிப் பிரிய வழிவகுக்கும். பலகையை வாங்கியவுடன் எடை பார்த்துக் குறித்துவைப்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். பின்னர் ஒரு கிலோ கூடியிருந்தால், எவ்வளவு நீர் புகுந்திருக்கிறது என்பது ஊகமின்றித் தெரிந்துவிடும். ஓட்டை கீழ்நோக்கி இருக்குமாறு நிழலில் வைத்து, மின்விசிறிக் காற்றில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்த வேண்டும். இதற்குப் பல நாட்கள், சில வேளை வாரங்களும் ஆகலாம். கடற்கரையில் தற்காலிகமாக ஒட்டிய டேப்பை வீடு சேர்ந்ததும் உரித்துவிட வேண்டும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (ரெசினை இறுகச் செய்யும் திரவம்) கூடுதலாக ஊற்றுவது பாலியஸ்டரில் பழகிய கையின் தவறு. எபாக்சியில் ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு பாகங்களும் குறித்த விகிதத்தில் சேர்ந்தே இறுகுகின்றன. ஒன்று மிஞ்சினால் அது இறுகாமல் மென்மையாகவே தங்கிவிடும். விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்பதையும் டப்பாவில் படித்தறிய வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நம் கடலோரத்தில், இறுகிய எபாக்சியின்மேல் மெழுகுபோன்ற படலம் படியக்கூடும். அதை நீர்விட்டுத் தேய்த்துக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால், படலம் பள்ளங்களுக்குள் பரவி, அடுத்த பூச்சு பிடிக்காமல் போகும். தேய்க்கும்போது கிளம்பும் கண்ணாடியிழைத் தூசிக்கு முகக்கவசம் கட்டாயம். எபாக்சி வெயிலில் மஞ்சளித்துச் சிதைவதால், கடைசியில் வண்ணமோ புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சோ வேண்டும்.

காற்றடைத்த பலகைக்கு வெயில் இன்னும் கொடியது. 25 பாகை செல்சியசில் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடைத்த காற்று, 60 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 18.5 பிஎஸ்ஐக்கு உயர்ந்து ஒட்டுகளை இழுக்கும். ஆகவே கரையேறியதும் நிழலில் வைத்து, சற்றுக் காற்றை இறக்கிவிட வேண்டும். கெட்டிப் பலகைக்குள்ளும் காற்று விரியும் என்பதால், திருகு வகைக் காற்றுத் துளை இருந்தால் வெயிலில் அதைத் திறந்து வைத்து, நீரில் இறங்குமுன் மறவாமல் மூட வேண்டும்.

காற்று இறங்கினால் உடனே ஒட்டுப்போட முனையாமல், முதலில் வால்வைச் சுற்றிச் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்; தளர்ந்த வால்வை அதற்குரிய சாவியால் இறுக்கினாலே கசிவு நிற்கக்கூடும். உண்மையிலேயே ஓட்டை என்றால், சட்டென்று ஒட்டும் பசைகளை நாடக் கூடாது. அவை கண்ணாடிபோல் இறுகி, பலகையைச் சுருட்டும்போது விரிசல் விடும். பலகையின் தோலான பிவிசிக்குரிய பசையை இரு பரப்பிலும் தடவி, பிசுபிசுப்பு வரும்வரை பொறுத்து, முனைகளை வட்டமாக வெட்டிய பிவிசித் துண்டை அழுத்தி ஒட்டி, குறைந்தது 24 மணி நேரம் காற்றடைக்காமல் விட்டுவைக்க வேண்டும்.